ஈரத்துக்கு இரண்டு கிலோ

பஸ்ஸின் முன் கண்ணாடிக்குக் கீழே ஒரு பதாகை கட்டியிருந்தார்கள். ‘தோட்ட நிர்வாகத்தின் நல்லெண்ணச் சுற்றுலா: திருகோணமலை’ என்று சிங்களத்தில் பெரிதாகவும் தமிழில் சிறிதாகவும் எழுதி, ஓரத்தில் ஒரு தென்னை மரமும் போட்டிருந்தது. முப்பத்தோரு வருடமாக வராத நல்லெண்ணம், விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கும்போது பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. காதில் பூச்சுற்றுகிறவன் கொஞ்சம் நல்ல பூவாகப் பார்த்தாவது சுற்றக் கூடாதா?

நான் பிரேமினி. பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா ஆயா. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போனதும் அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இருபத்திரண்டு குழந்தைகள். அதுகளை ஒரு டொஃபியைக் காட்டி ஏமாற்றலாம். பெரியவர்களை ஏமாற்ற ஒரு பஸ் தேவைப்படுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

விசாரணை கேட்டவள் அன்னம்மா அக்கா. எங்கள் லயத்து வரிசையில் கடைசி வீடு அவளுடையது. இருபத்துமூன்று வயதில் தோட்டத்தில் பேர் பதிந்தவள், இப்போது ஐம்பத்துநான்கு. புருஷன் செல்லசாமி கொழும்பில் ஹோட்டல் வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அவனைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் பேப்பருக்குக் கேடு. ஒரே மகள் தனுஷிகாவை அக்கா ஒற்றையாளாகப் படிக்கவைத்தாள். அவள் ஹட்டனில் மருந்துக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள்.

“சீல வேணாம். கொக்கியில மாட்டி நிறுக்கிற தராசு ஒண்ணு பஜார்ல விக்கிறானாம். அத வாங்கிட்டு வா.”

மகள் அழுதேவிட்டாளாம். உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னத் தராசு, எண் வெளிச்சமாக விழும். அந்தத் தராசுதான் எங்கள் தோட்டத்தை இரண்டு படுத்தியது.

விஷயம் இதுதான். ஒரு நாளைக்கு இருபது கிலோ கொழுந்து கொடுத்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். பத்தொன்பதானால் அரைப் பேர். கொழுந்து மடுவத்தில், அதாவது நிறுக்கிற கொட்டகையில், கணக்கப்பிள்ளை நிறுத்து, சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு இரண்டு கிலோ என்று கழித்துவிட்டுத்தான் எழுதுவார். மழைக்காலத்தில் இலையில் தண்ணீர் இருக்கும், சரி. பங்குனி வெயிலில் இலை கருகி, நாக்கு வறண்டு, மலையில் ஒரு பீலி தண்ணீர்கூட ஓடாதபோதும் ஈரத்துக்கு இரண்டு கிலோ. எந்த ஈரம்? எங்கள் வியர்வையையும் சேர்த்து நிறுத்தார்களோ என்னவோ.

அன்னம்மா அக்கா ஒரு நாள் வரிசையில் நின்று, சாக்கைக் கொடுப்பதற்கு முன்னால் தன் தராசில் மாட்டித் தூக்கி, எல்லோருக்கும் கேட்கும்படி, “இருபத்திரெண்டு” என்றாள். கணக்கப்பிள்ளை நிரோஷன் பத்தொன்பது என்று எழுதினான். மறுநாள் “இருபத்தொண்ணு” என்றாள். அவன் பதினெட்டு எழுதினான். அவள் சண்டை போடவில்லை, எண்ணை மட்டும் சொன்னாள். ஒரு வாரத்தில் மற்றப் பெண்களும் தங்கள் சாக்குகளைக் கொண்டுவந்து அவள் தராசில் மாட்டத் தொடங்கினார்கள். மடுவமே சந்தை மாதிரி எண்களைக் கூவியது. தோட்ட மனேஜர் துரைக்குப் பொறுக்குமா? அது கள்ளத் தராசு என்று கடிதம் வந்தது. அக்கா தொழிற்சங்கத்தில் எழுதிக் கொடுத்தாள். திங்கட்கிழமை தோட்ட ஆபிஸில் விசாரணை என்று முடிவானது. வென்றால் ஈரக் கழிவு நிற்கும். தோற்றால் தராசையும் பிடுங்கிக்கொண்டு கழிவையும் நிரந்தரமாக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் ஒருத்தியும் வாய் திறக்கமாட்டாள் என்பது துரைக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அப்போதுதான் நல்லெண்ணம் வந்தது.

போவதா வேண்டாமா என்று லயத்தில் பெரிய வாக்குவாதம். போனால் விலைபோன மாதிரி என்று சிலர். கடல் பார்க்காமலே சாகச் சொல்கிறீர்களா என்று சிலர். அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: “அவன் காசுல பஸ் ஓடுதுன்னு யாரு சொன்னா? நம்ம ரெண்டு கிலோவுலதான் ஓடுது. ஏறுங்க.”

ஏறினோம். கூடவே விறகு, இரண்டு பெரிய அண்டா, தண்ணீர்க் கேன், எலுமிச்சம்பழம், கம்பளித் தொப்பி. திருகோணமலையில் வெயில் மண்டையைப் பிளக்கும் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மீனம்மா கிழவி, “எங்க போனாலும் விடியக்காலம் குளிரத்தான் செய்யும்” என்று இரண்டு ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வந்தாள். ஹபரணை தாண்டி விடிந்தபோது ஒன்றைக் கழற்றினாள். திருகோணமலையில் இறங்கியபோது இரண்டாவதையும் கழற்றிவிட்டு, அந்த ஊரையே திட்டினாள்.

எங்களை மேய்க்க நிரோஷனை அனுப்பியிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி, கையில் புதுப் போன். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் கோட்டை வாசலுக்குள் நுழைந்ததும் போனைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினான். இதைப் போர்த்துக்கேயர் கட்டினார்கள், ஒல்லாந்தர் பிடித்தார்கள், பிறகு பிரெஞ்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர், உலகத்திலேயே பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று இது என்று. ஏதோ தானே போரிட்டுப் பிடித்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். யாரும் கேட்கவில்லை. கோட்டைக்குள் திரிகிற மான்களில் ஒன்று மீனம்மாவின் அர்ச்சனைத் தட்டில் இருந்த வாழைப்பழத்தைக் கடித்துத் தின்றுகொண்டிருக்க, நாங்கள் அதைத் துரத்துவதில் இருந்தோம்.

அன்னம்மா அக்கா மட்டும்தான் பதில் சொன்னாள். “நம்ம தோட்டத்துலயும் வெள்ளக்காரன் போனான், அரசாங்கம் வந்துச்சு, பொறகு கம்பனி வந்துச்சு. தராசு மட்டும் போகல பாருங்க, கணக்கபுள்ள.”

அவன் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

மலை முனையில் நின்றபோது அக்கா முதன்முதலாகக் கடலைப் பார்த்தாள். கண் கலங்கும், கை கூப்புவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இம்புட்டுத் தண்ணி இருக்கு, ஒரு வாய் குடிக்க முடியாது” என்றாள். அவ்வளவுதான். சாமி கும்பிட்டாள், எதற்கென்று கேட்டேன், திங்கட்கிழமைக்கு என்றாள்.

நிலாவெளிக் கடற்கரையில் சமைத்தோம். அது ஒரு தனிக் கூத்து. நல்ல நிழலான இடம் பார்த்து அண்டாவை இறக்கினால், சீருடை போட்ட ஒருவன் விசிலடித்துக்கொண்டு ஓடிவந்தான். பக்கத்து ஹோட்டலின் காவல்காரன். இந்தப் பக்கம் ஹோட்டலில் தங்கியிருப்பவர்களுக்கு, அந்தப் பக்கம் போங்கள் என்றான். கடல் எந்த ஹோட்டலின் கொல்லையில் முளைத்தது என்று கேட்டேன். அவனுக்குத் தமிழ் புரியவில்லை, சிங்களத்திலும் கேட்டேன். அப்போதும் புரியாத மாதிரியே நின்றான். சாய்வு நாற்காலியில் கிடந்த வெள்ளைக்காரி ஒருத்தி எழுந்துவந்து, எங்களைச் சேலையோடு வரிசையாகத் தண்ணீரில் நிற்கச் சொல்லிப் படமெடுத்தாள். மலைக்கு வந்தால் கூடையோடு நில் என்கிறார்கள், கடலுக்கு வந்தால் சேலையோடு நில் என்கிறார்கள். எங்கள் முகத்தில் அப்படி என்ன ஒட்டியிருக்கிறதோ. காவல்காரன் அவளைப் பார்த்துச் சிரித்தான், எங்களை மறுபடியும் தள்ளிப் போகச் சொன்னான்.

மீனம்மா கடலில் இறங்குவதற்கு முன்னால் சவர்க்காரத்தை எடுத்து முழங்கால்வரை தேய்த்தாள். கேட்டால், அட்டை கடிக்குமாம். கடலில் அட்டை இல்லை என்று நான் சொன்னதை அவள் நம்பவே இல்லை. கரையேறும்வரை காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டு முடித்துத் திரும்பும்போதுதான் அது நடந்தது. திருகோணமலைக்குப் போகிற எவரும் கருவாடு இல்லாமல் லயத்துக்குத் திரும்ப முடியாது. வராதவர்களும் சொல்லியனுப்பியிருப்பார்கள். ஒருவர் மொத்தமாக வாங்கி, ஊரில் பிரித்துக் கொடுப்பதுதான் வழக்கம். இந்த முறை பன்னிரண்டு வீட்டுக்கு வாங்கும் பொறுப்பு அன்னம்மா அக்காவுடையது. தராசு வைத்திருப்பவள் வேறு யார்?

வீதியோரம் தென்னங்கிடுகுக் கொட்டகையில் ஒரு பெண் கருவாடு விற்றாள். என் வயதிருக்கும், வெயிலில் என்னைவிட மூத்துப்போயிருந்தாள். அக்கா சீலா, நெத்தலி, கட்டா என்று பொறுக்கிப் பொறுக்கி ஒரு சாக்கை நிரப்பினாள். அந்தப் பெண் தன் தட்டுத் தராசை இழுத்தாள். அக்கா வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுத் தன் தராசை எடுத்துச் சாக்கை மாட்டித் தூக்கினாள்.

“பதினாலு” என்றாள். பிறகு மூச்சு விடாமல், “சாக்குக்கு ஒண்ணு. ஈரத்துக்கு ரெண்டு. பதினொண்ணு போட்டுக்க.”

நாங்கள் எல்லோரும் கொல்லென்று சிரித்தோம். கணக்கப்பிள்ளையை அப்படியே உரித்துவைத்த மாதிரி இருந்தது. அதே குரல், அதே அலட்சியம். விளையாடுகிறாள் என்று நினைத்தோம். அவள் விளையாடவில்லை.

“காய்ஞ்ச கருவாடு அக்கா” என்றாள் அந்தப் பெண். “நாலு நாள் வெயில் கண்டது. இதில எங்க ஈரம்?”

“கைய வச்சுப் பாரு. பிசுபிசுங்குது. எங்க ஊரு போறதுக்குள்ள காஞ்சு கொறைஞ்சிரும். எங்களுக்கு நட்டமில்லையா?”

அந்தப் பெண் எங்கள் நாற்பது பேரையும் பார்த்தாள். பஸ்ஸைப் பார்த்தாள். வீதியில் வேறு வண்டி எதுவும் இல்லை. “சரி. போடுங்கோ” என்று குனிந்து சாக்கின் வாயைக் கட்டினாள். தராசையும் பார்க்கவில்லை, எங்கள் முகத்தையும் பார்க்கவில்லை. அந்தக் குனிதலை நான் ஆயிரம் தடவை கொழுந்து மடுவத்தில் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அப்போது எனக்கு உறைக்கவில்லை. மூன்று கிலோ லாபம் என்றுதான் மனம் கணக்குப் போட்டது. அதில் எனக்கும் பங்கு இருந்ததே. சீ, எழுதும்போது கூசுகிறது.

நிரோஷன் கொஞ்சம் தள்ளி நின்று போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். கடலை எடுக்கிறான் என்று நினைத்தேன்.

பஸ் கன்னியா வெந்நீர்க் கிணறுகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. முன் இருக்கையில் நிரோஷன் டிரைவருக்கு எதையோ காட்டிச் சிரித்தான். சத்தத்தைக் கூட்டினான். பஸ் முழுக்க அன்னம்மா அக்காவின் குரல் கேட்டது. “சாக்குக்கு ஒண்ணு. ஈரத்துக்கு ரெண்டு.” ஒரு தடவை இல்லை, நான்கு தடவை போட்டான். திங்கட்கிழமை துரையிடம் காட்டினால் தனக்கு என்ன கிடைக்கும் என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. தன் உழைப்பால் எதையும் சம்பாதிக்காதவனுக்கு அடுத்தவள் தடுக்கி விழுவதுதான் போனஸ்.

அக்கா என் பக்கத்தில்தான் இருந்தாள். அவளுடைய முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. புருஷன் போனபோதுகூட அவள் அப்படி இருக்கவில்லை. காலடியில் இருந்த சாக்கை ஒரு தடவை பார்த்தாள்.

“அது என் கொரலா, புள்ள?” என்று மெதுவாகக் கேட்டாள்.

அவள் எழுந்து முன்னால் போனாள். “வண்டியத் திருப்புங்க.”

“யாராவது வாந்தி எடுக்கிறாங்களா?” என்றார் டிரைவர்.

“ஆமா. நாந்தான் எடுக்கப் போறேன். திருப்புங்க.”

திருப்ப முடியாது என்றார். நேரமாகிவிட்டதாம், கன்னியாவில் எல்லோரும் குளிக்க வேண்டுமாம். கன்னியாவில் பஸ் நின்றதும் அக்கா சாக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு இறங்கி ஒரு ஆட்டோவை நிறுத்தினாள். நானும் ஓடிப்போய் ஏறினேன். மற்றவர்கள் ஏழு கிணற்றுக்கும் வரிசை கட்டிப் போனார்கள். நிரோஷன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, வாளியோடு நின்றான். பொழுது சாய்வதற்குள் வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று கத்தினான்.

கொட்டகையில் அந்தப் பெண் மிச்சக் கருவாட்டை மூடிக் கட்டிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் முகம் மாறியது. இன்னும் கழிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பாள். அக்கா ஒன்றும் சொல்லாமல் சாக்கை அவிழ்த்து, இன்னொரு பையில் கருவாட்டைப் போட்டுப் போட்டுத் தராசில் மாட்டினாள். மூன்று கிலோ வந்ததும் அந்தப் பையை அவள் முன்னால் வைத்தாள்.

“இது ஒன்னோடது.”

“வேண்டாம் அக்கா. கழிவு எல்லாரும் கேக்கிறதுதானே.”

“எல்லாரும் கேக்குறாங்கன்னு நீ குடுத்துருவியா?” அக்கா மன்னிப்புக் கேட்பாள் என்று பார்த்தால், அவளையே திட்டத் தொடங்கிவிட்டாள். “நான் ஈரம்னு சொன்னா, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? காஞ்ச கருவாட்டுக்கு ஈரம்ங்கிறேன், சரிங்கிற. தராச நீ பாத்தியா? பாக்கவே இல்லியே.”

“பாத்து என்ன செய்யிறது? கதைச்சால் நீங்கள் அடுத்த கடைக்குப் போயிடுவியள். இண்டைக்கு வந்த ஒரே பஸ் உங்கடது.”

அக்கா தராசைப் பைக்குள் வைத்தாள். அந்தப் பெண் பையை மெல்ல உள்ளே இழுத்து வைத்துவிட்டுக் கேட்டாள்: “உங்கட மலைப்பக்கத்தில இப்பிடித்தானோ நிறுக்கிறது?”

“ஆமா” என்றாள் அக்கா. “இப்பிடித்தான். நானும் அதப் படிச்சிட்டேன் பாரு.”

ஆட்டோவில் திரும்பும்போது அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வெயில் என்று நான் நினைத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை லயத்தில் கருவாடு பிரித்தபோது எல்லோருக்கும் குறைந்தது. மீனம்மா தன் பங்கைக் கையில் ஏந்திப் பார்த்து, “இதுக்கா ரெண்டு ஸ்வெட்டரு தூக்கிட்டுப் போனேன்” என்று முனகினாள். ஏன் குறைந்தது என்று அக்கா எல்லோருக்கும் சொன்னாள். கணக்கப்பிள்ளை படமெடுத்ததையும் சொன்னாள். அதன் பிறகு யாரும் கருவாட்டைப் பற்றிப் பேசவில்லை. விசாரணைக்குப் போகவே வேண்டாம், மூக்குடைபடுவோம் என்று பாதிப்பேர் சொன்னார்கள்.

திங்கட்கிழமை ஆபிஸில் துரை, நிரோஷன், சங்கத்துப் பழனியாண்டி, அன்னம்மா அக்கா, துணைக்கு நான். பழனியாண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், அவர் வந்து உட்கார்ந்ததும் துரையின் பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்தவர். அதற்குப் பிறகு அவர் செய்த வேலை அது ஒன்றுதான்.

துரை பேச்சை வளர்க்கவில்லை. நிரோஷனின் போனை மேசையில் வைத்துத் தட்டினார். கருவாட்டுக் கடை வந்தது, சாக்கு வந்தது, குரல் வந்தது. சாக்குக்கு ஒண்ணு. ஈரத்துக்கு ரெண்டு.

“இது யாரு அன்னம்மா?”

“நாந்தாங்க. நல்லா விழுந்திருக்கு.”

“நீ கழிச்சா சரி, தோட்டம் கழிச்சா பிழை. அப்படியா?” துரை நாற்காலியில் சாய்ந்தார். “உனக்கே தெரியுது, ஈரம் இருந்தா கழிக்கத்தான் வேணும்.”

பழனியாண்டி பிஸ்கட்டை மெல்லுவதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார். வாசலுக்கு வெளியே மலையிலிருந்து இறங்கிய பெண்கள் சாக்கோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அதுல ஈரமில்லீங்க” என்றாள் அக்கா. “நல்லாக் காஞ்ச கருவாடு. இருக்குன்னு நான் பொய் சொன்னேன். நீங்க எனக்குச் சொல்லித்தந்த பொய்தான், அதான் தடுக்காம வந்துருச்சு. பொழுது சாயறதுக்குள்ள திரும்பிப் போயி, கழிச்ச மூணு கிலோவையும் அந்தப் புள்ளகிட்ட நிறுத்துக் குடுத்துட்டு வந்தேன். பிரேமினி கூட இருந்தா.” பையிலிருந்து தராசை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் வைத்தாள். “இதே தராசுதாங்க. திருப்பிக் குடுக்க எனக்கு ஒரு பொழுது ஆச்சு. நீங்க கழிச்சது முப்பத்தோரு வருஷம். எப்ப குடுக்கப் போறீங்க?”

போன் திரும்பத் திரும்ப ஓடியது. ஈரத்துக்கு ரெண்டு, ஈரத்துக்கு ரெண்டு. துரை அதை நிறுத்தத் தெரியாமல் எங்கெங்கோ தட்டினார். கடைசியில் நிரோஷன் எடுத்து அணைத்தான். வெளியே ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். துரை எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

முப்பத்தோரு வருடக் கொழுந்தை யார் திருப்பித் தரப்போகிறார்கள்? ஆனால் அன்று பின்னேரம் மடுவத்தில் அக்கா தன் சாக்கை மாட்டி “இருபத்திரெண்டு” என்றாள், நிரோஷன் தலையைத் தூக்காமல் இருபத்தொன்று என்று எழுதினான். ஈரக் கழிவு நின்றுவிட்டது. பேச்சுவார்த்தை மூலம் தீர்த்துவைத்தது தாங்கள்தான் என்று பழனியாண்டியின் சங்கம் சுவரொட்டி ஒட்டியிருக்கிறது, வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே.

சாக்குக்கு ஒரு கிலோ இன்னும் கழிகிறது. அதற்கும் அக்கா விசாரணை கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள். இந்த முறை எங்களைத் தெற்கே காலி ஊர்க் கோட்டையும் கடலும் பார்க்கக் கூட்டிப் போவார்களாம், ஆபிஸில் பெயர் பதிகிறார்கள். அக்கா முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். தராசைச் சாம்பல் போட்டுத் துடைத்துப் பையில் வைத்திருக்கிறாள். கருவாட்டு நாற்றம்தான் இன்னும் போகவில்லை.